அலைபரப்புக் கோபுரங்களும் அயலவர் அச்சமும்

பண்டத்தரிப்பு முதலிய வலிகாமக் கிராமங்களிற் பனையைவிட உயர்ந்து நின்றவை ஒருகாலத்திற் கோயிற் கோபுரங்களும் தேவாலய மணிக்கூண்டுகளுமே. இன்று குடாநாடெங்கும் இரும்புக் கோபுரங்கள் எழுந்துள்ளன. கொக்காவிலில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 174 மீற்றர் உயரமான ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் குடிசெறிவற்ற வன்னிச் சூழலில் நிற்கின்றது. குடாநாட்டிலோ கைத்தொலைபேசிக் கோபுரம் அடுத்த வளவில் நிற்கின்றது. அச்சம் தோன்றுவது இயல்பே. 2019இல் யாழ்ப்பாண நகரில் ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை ஐந்தாந் தலைமுறை அலைகளைப் பரப்பும் எனக் கருதிய மக்கள் எதிர்த்தெழுந்தனர்.

‘கதிர்வீச்சு’ என்னும் சொல்லே குழப்பத்திற்குப் பாதி காரணம் எனலாம். அச்சொல் ஹிரோஷிமாவை நினைவூட்டுகின்றது. ஆனால் 100 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய பண்பலை ஒலிபரப்பின் ஒரு போட்டோன் கொண்டுள்ள சக்தி, மூலக்கூறொன்றை அயனாக்கத் தேவையான சக்தியில் ஏறத்தாழ இரண்டரைக் கோடியில் ஒரு பங்கேயாகும். இவ்வலைகளின் நிறுவப்பட்ட முதன்மை விளைவு இழையங்களைச் சூடாக்குதலாகும். சர்வதேச எல்லைகள் இதனை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டன. பண்பலை மீடிறன்களில் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 2 வாற்று.

ஒரு கணக்கை நோக்குவோம். ஒரு திசையில் 10 கிலோவாற்றுக்குச் சமமான வலுவைச் செலுத்தும் அலைவாங்கியிலிருந்து, அதே திசையில் 20 மீற்றர் தொலைவில் அடர்த்தி அவ்வெல்லையைத் தொடும். 100 மீற்றரில் அது 0.08 வாற்றாக, அதாவது எல்லையின் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும். தூரம் இருமடங்காக, அடர்த்தி நான்கிலொன்றாகும் என்பதே விதி. அலைகள் பெரும்பாலும் கிடையாகவே செல்வதால், கோபுரத்தின் அடியில் நிற்பவரைவிட அலைவாங்கியின் மட்டத்தில் அமைந்த அயல் மாடிவீட்டாரே கூடுதலாக உட்படுகின்றனர். நகரங்களில் மாடிகள் பெருகும் இக்காலத்தில் இது கவனிக்கற்பாலது.

ஐயம் முற்றாகத் தீர்ந்துவிட்டதெனவும் கூறவியலாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011இல் வானொலி மீடிறன் புலங்களை ‘2பி’ வகையில், புற்றுநோயை விளைவிக்கச் சாத்தியமுள்ளவையாகச் சேர்த்தது. ஆயினும் அதற்கான மட்டுப்பட்ட சான்று பெரும்பாலும் தலையோடு ஒட்டிப் பிடிக்கும் தொலைபேசிப் பாவனையிலிருந்து பெறப்பட்டதேயன்றிக் கோபுர அயலிலிருந்தன்று. கோபுரம் தொலைவிலிருப்பின் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டிக்கொள்ளும் என்பதையும் கோபுரத்தை மட்டும் எதிர்ப்போர் மறந்துவிடுகின்றனர்.

இந்தியா 2012 செப்டெம்பரிலிருந்து கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கான எல்லையைச் சர்வதேச அளவின் பத்திலொன்றாகக் குறைத்தது. புதிய ஆய்வு முடிவைவிட முன்னெச்சரிக்கையே அதற்கு அடிப்படை என்பது எமது கருத்து.

நம்மவர் விடயத்திற் பெருங்குறை அளவீடு மக்களின் கைக்கு எட்டாமையே. “பாதுகாப்பானது” என்னும் ஒற்றைச் சொல்லை அயலவர் ஏன் நம்பவேண்டும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையிடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் மூன்றைக் கேட்கலாம்: அலைவாங்கியின் வலு, அது நோக்கும் திசை, மிக அண்மையிலுள்ள வீட்டின் மேல்மாடியில் அளந்து பெற்ற பெறுமானம்.