காற்றுக்குப் பயப்படும் பேய்கள்

அக்டோபர் 31 இரவு ஹாலோவீன். அமெரிக்காவில் அன்றைக்குக் குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றி வைப்பது பழைய வழக்கம். இப்போது பலருக்கு அது போதுவதில்லை. 2020-ல் ஹோம் டிப்போ நிறுவனம் 12 அடி உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொரோனாவில் முடங்கிக் கிடந்த மக்கள் வந்த வேகத்தில் அதை வாங்கித் தீர்த்தார்கள். வாசலில் ராட்சத உருவம் நிறுத்தும் ஆசை அதிலிருந்து பரவலாகிவிட்டது.

காசு கொடுத்தால் கிடைக்கும் என்றான பிறகும், வீட்டு கராஜில் சொந்தமாகப் பேய் கட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிளம்பிங் கடையில் பைப், உடைத்து விற்ற காரிலிருந்து மோட்டார், வீட்டில் கழித்துப் போட்ட திரைச்சீலை என்று சேர்த்துக்கொண்டு கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பெரிய உருவம் செய்யும் மோகம் எலும்புக்கூடு கடைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் முகமூடிக் கலைஞர் ரால்ஃப் லீ 1974-ல் தொடங்கிய ஹாலோவீன் ஊர்வலம் ராட்சதப் பொம்மைகளுக்கே பேர்போனது. ஆனால், அந்தப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆட்கள் உண்டு. வாசலில் நிற்கும் பேய்க்கு யார் துணையும் கிடையாது. மழையிலும் காற்றிலும் அது தன் காலில் நிற்க வேண்டும். கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்ப அடிவாங்குவது அங்கேதான்.

இரண்டு மடங்கு உயரம், எட்டு மடங்கு தொல்லை

ஆறடிப் பேய் செய்து கை பழகியவர், அடுத்த வருடம் அதையே 12 அடியாக்கப் பார்ப்பார். எல்லா அளவையும் இரண்டால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. உயரமும் அகலமும் இரட்டித்தால் காற்று மோதும் பரப்பு நான்கு மடங்காகும். அந்த விசை விழும் இடமும் இரண்டு மடங்கு மேலே போய்விடுவதால், உருவத்தைக் கவிழ்க்கும் வலு எட்டு மடங்கு. காலடியில் நான்கு செங்கல் வைத்துச் சமாளித்த வித்தை இங்கே செல்லாது. போர்த்திய துணி வேறு பாய்மரம் மாதிரி விரிந்துகொண்டு ஆளை இழுக்கும்.

எலும்புக்குப் பெரும்பாலோர் முதலில் எடுப்பது முக்கால் இஞ்ச் பிவிசி பைப். விலை மலிவு. எல்போ, டீ போன்ற இணைப்புகள் எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். அறுக்க ஒரு ஹாக்ஸா பிளேடு போதும். குட்டைப் பேய்க்கு அது தாராளம். 12 அடியில் தலையை ஏற்றியதும் முதுகு வளைந்து பேய் கும்பிடு போடும். சரி என்று ஒன்றரை இஞ்ச் பைப்புக்கு மாறினால், பைப் தாங்கும். தோள்பட்டை டீ சுழன்றுகொள்ளும். ராத்திரி கையை நீட்டிப் பயமுறுத்தியபடி நின்ற உருவம் விடிந்து பார்த்தால் இரண்டு கையையும் தொங்கப் போட்டிருக்கும். பசை போட்டு ஒட்டலாம்தான். ஆனால், ஒட்டினால் நவம்பரில் கழற்ற முடியாது. 12 அடிப் பேயை முழுசாக வைக்க எந்த வீட்டில் இடமிருக்கிறது? அதனால் இணைப்பின் குறுக்கே துளை போட்டு ஒரு போல்ட்டை இறக்குவதுதான் வழி. எந்தத் துண்டு எதற்கு ஜோடி என்று மார்க்கரால் எண் எழுதிவிட்டால் அடுத்த வருடம் அரை மணியில் பூட்டிவிடலாம்.

காலுக்கு முறுக்குக் கம்பி. பாதியைத் தரையில் அடித்து, மீதியில் பைப்பைச் செருகுவார்கள். அதற்கு மேல் மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். இடுப்பில் கட்டினால் மேல்பாதி ஆடும். மார்புக்கு மேலே கட்டினால்தான் பிடி கிடைக்கும். தோட்டத்தில் கம்பி அடிக்கும் முன் 811 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. அடியில் கேஸ் குழாயோ மின் கேபிளோ போகிறதா என்று வந்து குறித்துக் கொடுப்பார்கள்.

மழை கரைக்கும் சதை

எலும்புக்கு மேல் கோழி வலையைச் சுற்றி உடம்பை உருட்டுவார்கள். அதன்மேல் காகிதக் கூழ் பூசலாம். மேலங்கிக்கு 'மான்ஸ்டர் மட்' என்ற கலவை பிரபலம். ஐந்து பங்கு சுவர்ப் பட்டியில் ஒரு பங்கு எமல்ஷன் பெயிண்ட்டைக் கலக்கி, சாக்குத் துணியை அதில் முக்கிப் போர்த்துவது. ஈரமாக இருக்கும்போது மடிப்பை எப்படி இழுத்துவிடுகிறோமோ, காய்ந்ததும் அப்படியே கல்லாகிவிடும். பார்க்கக் கோயில் சிற்பத்தின் ஆடை மடிப்பு தோற்றுப்போகும். குறை, அதன் கனம். தோளிலிருந்து தரைவரை அதையே பூசினால் எலும்பு மறுபடி வளையத் தொடங்கும். மேலே வெறும் துணி, கீழே மட்டும் கலவை என்று பிரித்துக்கொண்டால் கனம் அடியில் தங்கி, உருவம் நிற்கவும் உதவும். பட்டி தண்ணீரில் இளகும் என்பதால் வெளிப்பூச்சில் ஓர் இடம் விட்டாலும் மழை உள்ளே புகுந்துவிடும்.

தலையைத் தெர்மாகோலில் செதுக்குவது சுலபம். செதுக்கி முடித்த சந்தோஷத்தில் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் போச்சு. பெயிண்ட்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கன்னத்தில் குழி விழுந்து, மூக்கு உள்வாங்கும். முதலில் தண்ணீரில் கரையும் பெயிண்ட்டால் இரண்டு கோட் அடித்து மூடிவிட வேண்டும். சிலர் அந்த அரிப்பையே வேண்டுமென்று வரவழைத்துப் பழைய கல்லறைக் கல் செய்கிறார்கள்.

வைப்பர் மோட்டாரில் வரும் உயிர்

அசையாத பேய் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இரண்டாவது பார்வையில் பொம்மைதான். இதற்குக் கைகொடுப்பது கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார். உள்ளே பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டித் தருகிறது. ஓட்ட 12 வோல்ட் வேண்டும். அந்த 12 வோல்ட் வேகத்தில் தலை ஆடினால் பயம் வராது, சிரிப்புதான் வரும். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் 12 வோல்ட்டும் உண்டு, ஐந்து வோல்ட்டும் உண்டு. ஐந்தில் இணைத்துப் பார்த்தால் தலை மெல்லத் திரும்பும். பயம் அந்த நிதானத்தில் இருக்கிறது.

மோட்டாரின் அச்சில் மாட்டும் கிராங்க் துண்டு இரண்டு இஞ்ச் இருந்தால், அதில் பூட்டிய கம்பி நான்கு இஞ்ச் போய்வரும். தலை அதிகமாகத் திரும்பினால் கிராங்க்கில் துளையை உள்ளே தள்ளிப் போட வேண்டும். அரை இஞ்ச் மாற்றினாலே குணம் மாறிவிடும் என்பதால் ஒரே தகட்டில் வரிசையாகத் துளைகள் போட்டு வைப்பார்கள். நீட்டிய கையைத் தூக்கச் சொன்னால் மோட்டார் சூடாகித் திணறும். மறுமுனையில் எதிரெடை கட்டிவிட்டால் பாரம் குறையும். வெளியில் மின்சாரம் எடுக்கும்போது மின்கசிவில் தானே அணைந்துவிடும் பிளக் பாயிண்ட் கட்டாயம். சுழலும் பாகங்களுக்கு மூடியும் கட்டாயம். வருகிறவர்களில் பாதிப் பேர் எதையும் தொட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தைகள்.

இந்தத் தவறுகள் பலவற்றுக்கும் ஒரே வேர்தான். எல்லோருக்கும் முகம் செய்யத்தான் ஆசை. சுருக்கம், பல், ரத்தக்கறை என்று வாரக்கணக்கில் இழைப்பார்கள். ராத்திரி தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணில் அதெல்லாம் படாது. தெரிவது நிழலுருவம், கீழிருந்து வீசும் வெளிச்சம், மெதுவான ஓர் அசைவு. இந்த மூன்றும் வீண்போகாமல் இருக்க, கால் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வெறும் எலும்பை வாசலில் நட்டு, மேலே பழைய போர்வையைக் கட்டி ஒரு வாரம் காற்றில் விடுங்கள். அது தாங்கினால் மோட்டார், பிறகு உடம்பு, நேரம் மிச்சமிருந்தால் முகம். நவம்பரில் கழற்றும்போது எந்த இணைப்பு தளர்ந்தது, எந்தக் கயிறு தேய்ந்தது என்று எழுதி அந்தத் தாளையும் பெட்டியிலேயே போட்டு மூடுங்கள்.