ஊரருகே தொடங்கும் ஆசிரியப் பயிற்சி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1974-இல் ஏறத்தாழ 23,000 ஆசிரியர்கள். அவர்களில் பூர்வகுடியினர் 26 பேர்தான். அந்த ஆண்டே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘நைடெப்’ என்ற பூர்வகுடி ஆசிரியப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. மாணவர்களை எடுத்த எடுப்பில் வான்கூவரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு வரச் சொல்லவில்லை. அவர்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் கள மையங்கள் அமைத்து, தொடக்க ஆண்டுகளின் பாடங்களை அங்கேயே நடத்தினார்கள். வளாகப் படிப்பு அதற்குப் பிறகுதான். குழந்தை குட்டியோடு படிக்க வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நிர்வாகத்துக்கோ சுமை கூடுதல். மையத்துக்கு மையம் ஒருங்கிணைப்பாளர் வேண்டும்; பள்ளிகளில் பயிற்சிக்கு இடம் பிடிப்பது முதல் மாணவர்களின் வீட்டுக் கவலையைக் கேட்பது வரை அவர் தலையில்தான். முதலாண்டிலேயே மாணவர்கள் பயிற்சிக்காகப் பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்துவிடுவதால் இடம் பிடிக்கும் வேலை தள்ளிப்போடக்கூடியதும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் இத்திட்டத்தை வழிநடத்தியவர் கிரீ இனத்தைச் சேர்ந்த கல்வியாளர் வெர்னா கிர்க்னெஸ்.