கம்பெனிக்கு 75 காசு... நமக்கு 30 ரூபாய்! ஒரு கேன் தண்ணீரின் கணக்கு

"போன மாசம்தானப்பா ஏத்துனீங்க?" கேன் போட வந்த தம்பியிடம் அம்மா கேட்டார். "கம்பெனியிலயே ஏத்திட்டாங்க, நான் என்னக்கா செய்ய?" என்றபடி அவர் அடுத்த மாடிக்கு ஏறிவிட்டார். மதுரையில் எங்கள் தெருவில் இப்போது 20 லிட்டர் கேன் 30 ரூபாய். போர் தண்ணீர் ஒரே உப்பு. வேறு வழியில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, ஒத்தக்கடை போகும் வழியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் நடந்த தாமிரபரணி வழக்குதான்.

நெல்லை கங்கைகொண்டான் சிப்காட்டில் கோக், பெப்சி குளிர்பானங்கள் தயாராகின்றன. வழக்கு நடந்தபோது அதற்குத் தாமிரபரணி தண்ணீர், ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசாக இருந்தது. இதை எதிர்த்துப் பொதுநல வழக்குகள் வந்தன. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என அரசே அறிவித்தது. ஆனால் ஆலைகளுக்குத் தருவது உபரி நீர்தான் என்பது அரசின் வாதம். 2017 மார்ச் 2-ல் மனுக்கள் தள்ளுபடி, தடையும் நீங்கியது. அதற்கு முந்தைய நாள்தான், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நிலையில், வணிகர் சங்கங்கள் ஏற்கெனவே அறிவித்தபடி இரண்டு பானங்களையும் விற்பதை நிறுத்தத் தொடங்கியிருந்தன. இன்று எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடையில் இரண்டுமே ஜில்லென்று கிடைக்கின்றன!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த விலையில் ஒரு கேன் 75 காசு. நாம் கொடுப்பது 40 மடங்கு. சுத்திகரிப்பு, வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி எல்லாம் இதில் அடக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 40 மடங்கா? அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாமளும் ஒரு கம்பெனி ஆரம்பிச்சா 75 காசுக்குக் குடுப்பாங்களா?" என்றார்.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் குடிநீர் விநியோகம் தனியாரிடம் போய்க் கட்டணம் எகிறியபோது, 2000-ல் மக்கள் தெருவுக்கு வந்து ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்காக 2018-ல் பிரான்ஸின் சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டபோதும் எதிர்ப்பு கிளம்பியது. கேன் தண்ணீருக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் கிடையாது. யாரையும் கேட்காமலே நம் சமையலறைக்குள் வந்துவிட்டது.

அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் புறநகரில் போர் போட்டு எடுப்பதுதான். ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரிக்கும்போது ஒரு பகுதி கழிவுநீராகப் போகிறது. அடுத்த முறை கேன் வாங்கும்போது மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அடைத்த தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கேனில் தேதி அழிந்திருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டோம்.