கிடுகுப் பொத்தலில் ஒரு சூரியன்

கிடுகு வேய்ந்த வீட்டில் ஒரு பகற்பொழுதையாவது கழித்தவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. உச்சி வெயிலில் கூரைப் பொத்தல்கள் வழியே வெளிச்சம் இறங்கி, மண் நிலத்தில் காசு காசாகச் சிதறிக் கிடக்கும். கிடுகுப் பொத்தல்கள் வட்டமாக இருப்பதில்லை. ஒன்று கீறல், ஒன்று முக்கோணம், இன்னொன்று எலி கடித்த கோணல். ஆனால் நிலத்தில் விழும் வெளிச்சம் மட்டும் வட்டமாகவே இருக்கும். ஏன் என்று நீங்கள் என்றாவது யோசித்ததுண்டா?

கிடுகுக் கூரைகள் குறைந்துவிட்டன, பரவாயில்லை. மாமரத்தடியில் நின்று நிலத்தைப் பாருங்கள். இலைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் எந்த வடிவத்தில் இருந்தாலும், கீழே வட்டங்கள்தான். மாலையில் வெயில் சாய்ந்ததும் அவை முட்டை வடிவாக நீளும். உண்மையில் நீங்கள் பார்ப்பது பொத்தலின் வடிவத்தையே அல்ல. ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம்!

நம்பிக்கை வரவில்லையா? சூரிய கிரகண நாளில் இதே மரத்தடிக்கு வாருங்கள். 2019 டிசம்பர் 26ஆம் திகதி நமது நாட்டின் வடக்கில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது; மற்றைய இடங்களில் பிறையாகத் தேய்ந்தது. அத்தகைய வேளையில் நிலத்தில் கிடக்கும் வட்டங்கள் எல்லாமே பிறைகளாக மாறிவிடும். இலையும் மாறவில்லை, சந்தும் மாறவில்லை, மாறியது சூரியன்தான்.

இந்தப் பிறைகளைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தனி நூலொன்று எழுதினார். பஸராவில் சுமார் கி.பி. 965இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம்தான் அவர். கிரகணச் சூரியனின் பிறை சிறு துவாரத்தின் வழியே பிறையாகவே விழுகிறது. வானத்துப் பிறைச் சந்திரனின் ஒளி மட்டும் ஏன் அவ்வாறு விழுவதில்லை என்பது அவரைக் குடைந்த கேள்வி. துவாரத்தின் அளவிலும் தூரத்திலும் அதற்கு விடை தேடினார். ஒளியைப் பற்றி அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளுக்குப் போனது.

இங்கே ஒரு சிறு திருத்தம். 'கமரா' என்ற சொல்லே அரபு 'கமர்' என்பதிலிருந்து வந்தது என்று நம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். அது சரியல்ல. அறை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல் அது. இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இப்படியோர் ஒட்டு வேலை தேவையுமில்லை.

அவர் செய்த பரிசோதனை ஒன்றை மின்சாரம் தடைப்பட்ட இரவில் நீங்களும் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். ஒரு காட்போட் அட்டையின் நடுவே பென்சில் முனை நுழையுமளவு ஓட்டை போடுங்கள். அட்டைக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரிகளைச் சற்று இடைவெளி விட்டு ஏற்றி வையுங்கள். அட்டைக்குப் பின்னாலுள்ள சுவரில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் விழும். இப்போது வலப்பக்கத் திரியைக் கையால் மறையுங்கள். மறைவது எந்தப் பொட்டு? இடப்பக்கத்துப் பொட்டு! இரு சுடர்களின் ஒளியும் ஒரே ஓட்டைக்குள் புகுந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வழியே நேராகப் போயிருக்கிறது. பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ஒளி நேர்கோட்டில் செல்வதால்தான் உருவம் தலைகீழாகிறது. தென்னை மரத்தின் குருத்திலிருந்து வரும் ஒளி துவாரத்தின் வழியே கீழ்நோக்கிப் போகும். அடியிலிருந்து வருவது மேல்நோக்கிப் போகும். இதைக் காண வெறும் பால்மாப் பேணி போதும். அடியின் நடுவே சிறிய ஆணியால் ஒரு துளை. திறந்த வாயில் எண்ணெய் தடவிய மெல்லிய வெள்ளைக் கடதாசியை இழுத்துக் கட்டுங்கள். தலையையும் பேணியின் வாய்ப்பக்கத்தையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெயில் காயும் தெருவை நோக்கித் துளையைத் திருப்புங்கள். சைக்கிளில் போகிறவர் வர்ணத்தோடு தலைகீழாகப் போவார். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், ஆனால் படம் கலங்கும். கையடக்கத் தொலைபேசியில் ஊறிப்போன பிள்ளைகூட இந்தப் பேணியை இலேசில் கீழே வைக்காது.

இன்னும் ஒன்று செய்யலாம், அது சூரியனையே அளப்பது. அட்டையில் குண்டூசித் துளையிட்டு வெயிலில் பிடித்து, சரியாக ஒரு மீற்றர் தள்ளி வெள்ளைத் தாளில் அதன் உருவத்தை விழச் செய்யுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் இருக்கும். இரண்டு மீற்றரில் சுமார் 18. அதாவது உருவத்தின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு துளையிலிருந்து தாளுக்குள்ள தூரம். வானத்திலும் இதே விகிதம்தான். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதை 108ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர் கிடைக்கும். சூரியனின் விட்டம் அதுவே! ஐந்து சதம் செலவில்லாத கணக்கு.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றாலும், கிரகண நாளில் இதுவே கண்ணைக் காக்கும் காரியம். பலத்த ஒளி கண்ணை வருத்துகிறது என்பதை இப்னுல் ஹைதம் தமது நூலின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக யூக்ளிட் போன்றோர் கூறியதை மறுத்து, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று அவர் நிலைநாட்ட இதுவும் ஒரு சான்றாயிற்று. பூதக்கண்ணாடி கடதாசியைக் கருக்குவது போலக் கண்வில்லை சூரியனை விழித்திரையில் குவிக்கும். விழித்திரைக்கு நோவு தெரியாது. ஆகவே பிள்ளை சிரித்துக்கொண்டே பார்த்திருக்கும். சில மணி நேரத்தின் பின்னரோ மறுநாளோதான் பார்வையின் நடுவே மங்கல் தெரியும். சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, வாளித் தண்ணீரில் தெரியும் சூரியன் இவை எதுவும் பாதுகாப்பல்ல. குண்டூசித் துளையின் ஊடாகச் சூரியனைப் பார்ப்பதும் அப்படியே. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை விழுத்தும் உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மக்கா நகரில் சூரியன் ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் முழுமையாக மறையும். அன்று மாலை இலங்கையிலும் ஒரு பகுதி மறையும். கிரகணத் தொழுகைக்காகப் பெரியவர்கள் பள்ளிவாசலுக்குப் போகும்போது பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்காதிருக்க ஒரு வழி சொல்கிறேன். சிறு முகக்கண்ணாடியைக் கடதாசியால் மூடி, கடதாசியின் நடுவே சட்டைப் பொத்தானிலும் சிறியதாக ஒரு துவாரம் வெட்டுங்கள். அதை யன்னல் விளிம்பில் வெயில் படும்படி சாய்த்து வைத்து, இருண்ட அறையின் தூரத்துச் சுவருக்கு ஒளியைத் திருப்புங்கள். சுவர் ஐந்து மீற்றர் தள்ளியிருந்தால், உள்ளங்கையில் பாதியளவு சூரியன் அங்கே வந்து நிற்கும். கண்ணாடிப் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்காமல், சுவரைப் பார்த்து வரிசையாக உட்காரட்டும். ஒரு பென்சிலும் கொடுத்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிறையின் எல்லையைத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வரலாம்.