குழந்தைகளின் நீரிழப்பை அறிதலும் முதற் சிகிச்சையும்

வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிப்பது, அதனால் உடல் இழக்கும் நீரும் உப்புகளுமேயாகும். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 1 லிட்டர் நீரை இழப்பின், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்நிலையில் இரத்த ஓட்டம் தளர்ந்து உயிருக்கே அபாயம் நேரலாம்.

இதனை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குழந்தையின் உணர்வுநிலை, கண்கள், நீர் அருந்தும் விதம், தோல் ஆகிய நான்கினையும் வரிசையாகக் கவனித்தல் போதும். தோலைச் சோதிக்க, தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவே வயிற்றுத் தோலை நீளவாக்கில் மடித்துப் பிடித்து விடுதல் வேண்டும்.

அமைதியின்றிச் சிணுங்குதல், கண்கள் குழிவிழுதல், தாகத்துடன் ஆவலாகக் குடித்தல், தோல் மடிப்பு மெதுவாக மறைதல் என்பவற்றுள் இரண்டேனும் காணப்படின், ஓரளவு நீரிழப்பு உண்டு. சோர்வு அல்லது மயக்கம், குழிந்த கண்கள், குடிக்க இயலாமை, தோல் மடிப்பு 2 வினாடிக்கு மேலும் நிற்றல் என்பவற்றுள் இரண்டு காணப்படின், அது கடுமையான நீரிழப்பாகும்.

அழுத குழந்தை அடங்கியதும் நோய் தணிந்ததென வீட்டார் கருதுவதுண்டு. அது தவறாகலாம். நீர் கேட்டு அழும் குழந்தையைவிட, கேட்கவும் இயலாது துவண்டு கிடக்கும் குழந்தையே பெரும் அபாயத்தில் உள்ளது. அதனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். விழுங்க முடியுமாயின், வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டலாம்.

இக்கரைசலிலுள்ள சர்க்கரை, குடலின் சுவர் வழியே உப்பு உட்செல்லத் துணை புரிகிறது; உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1971-இல் மேற்கு வங்காளத்தின் பன்காவ்ன் அகதிகளிடையே காலரா பரவியபோது, நாளத்தின் வழியே செலுத்தும் உப்புநீருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுக்கச் செய்தார். உறவினரே அதனைப் புகட்டினர். சுமார் 30 சதவீதமாயிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது.

உறையில் குறித்த அளவு தூய நீரில் பொடி முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துக. நீரிழப்பு இல்லாதபோது, ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 2 மாதம் முதல் 2 வயது வரை 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேல் 5 வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கப்படும். ஓரளவு நீரிழப்பெனில், சுகாதார நிலையத்தில் முதல் 4 மணி நேரத்தில் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 75 மில்லிலிட்டர் தேவை. வாந்தி எடுப்பின் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாகத் தொடர்க. தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

4 மணி நேரம் கழிந்ததும் அந்நான்கினையும் மீண்டும் சோதித்தல் அவசியம். அடுத்த சிகிச்சையை நிர்ணயிப்பது அச்சோதனையே.