‘டிரை’யா, துவர்ப்பா? ஒயினை நம்ம வார்த்தையில சொல்றது எப்படி

ஒயின் பாட்டிலோட பின்பக்கத்துல ‘பிளாக்கரன்ட், கூஸ்பெரி வாசனை’ன்னு எழுதியிருக்கும். அந்தப் பழங்களை நம்மள்ல பலபேர் பார்த்ததே இல்ல. உடனே ‘ஒயினைப் பத்திப் பேச நமக்குத் தெரியாது’ன்னு ஒதுங்கிடுறோம். இதுல நஷ்டம் நமக்குத்தான். பிடிச்ச ஒயின் ஏன் பிடிச்சதுன்னு தெரியலைன்னா, அடுத்த தடவையும் லேபிளையும் விலையையும் நம்பித்தான் வாங்கணும்.

நான் சொல்றது இதுதான்: வாசனையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல நாக்கைக் கவனிங்க. அதுக்கான வார்த்தைகள் அறுசுவையிலேயே இருக்கு.

பெரும்பாலான கருந்திராட்சையில நிறம் தோல்லதான் இருக்கு, சாறுல இல்ல. ஒயிட் ஒயினுக்குச் சாறைப் பிழிஞ்சு, தோலை நீக்கிட்டுப் புளிக்க வைப்பாங்க. ரெட் ஒயினுக்குத் தோல், விதையோடவே புளிக்க வைப்பாங்க. அப்போ நிறத்தோட டானினும் சாறுல இறங்கும். டானின் நம்ம எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கும். வாயோட வழவழப்பு குறைஞ்சு, நாக்கு இழுத்துப் பிடிக்கும். நாவல்பழம் சாப்பிட்டா வருமே, அதே துவர்ப்பு.

ஒயிட்ல முன்னாடி நிக்கிறது புளிப்பு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி: விழுங்கினதும் வாய் ஊறினா புளிப்பு, வறண்டா துவர்ப்பு.

இங்கதான் ‘டிரை’ங்கிற வார்த்தை குழப்பும். அதுக்கும் வாய் வறட்சிக்கும் சம்பந்தம் இல்ல. திராட்சையில இருந்த சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசா ஆல்கஹாலா மாத்திடுச்சு, அதனால இனிப்பு இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். துவர்ப்பு பிடிக்காதவர் கடையில ‘டிரை வேண்டாம்’னு கேட்டா, இனிப்பு ஒயின்தான் கைக்கு வரும். ‘டானின் கம்மியா இருக்கணும்’னு கேளுங்க.

வாசனை வார்த்தைகளுக்குப் பயப்படவும் வேண்டாம். 2001ல வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வுல, ஒயிட் ஒயின்ல வாசனையே இல்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து குடுத்தாங்க. ஒயின் படிப்பு படிக்கிற 54 மாணவர்களும், மொத்தத்துல, ரெட் ஒயினுக்கான வார்த்தைகளைத்தான் எழுதினாங்க. மூக்கைக் கண்ணு ஏமாத்திடுச்சு!

இன்னொரு விஷயம், சூடு. ரெட்டை ‘ரூம் டெம்பரேச்சர்ல’ குடிக்கணும்னு சொல்றது குளிர்நாட்டு வீடுகளை நினைச்சு. அது சுமார் 15 முதல் 18 டிகிரி. சென்னையில 30 டிகிரியில ஊத்தினா ஆல்கஹாலோட எரிச்சல்தான் தூக்கலாத் தெரியும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு எடுங்க.

இந்த வாரம் செஞ்சு பாருங்க. நாசிக்ல விளையுற செனின் பிளாங்க் ஒண்ணு, ஷிராஸ் ஒண்ணு. ரெண்டையும் ஒரு வாய் குடிச்சு இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, தொண்டை எரிச்சல் நாலுக்கும் 5க்கு மார்க் போட்டு போன்ல குறிச்சு வைங்க. நாலஞ்சு பாட்டில் தாண்டினா உங்க ரசனை என்னன்னு அந்த நம்பரே காட்டிடும்.

ஒயின் குடிக்காதவங்க சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸையும், நல்லாக் கொதிச்ச கட்டன் சாயாவையும் வச்சு இதையே செய்யலாம். புளிப்பும் துவர்ப்பும் பளிச்சுன்னு பிரிஞ்சு தெரியும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!