சொல் தெளிந்தால் மென்பொருள் தெளியும்

நோயாளிக்கு மருந்தேற்றும் கருவி ஒன்றுக்கு மென்பொருள் எழுதப்படவிருக்கின்றது என வைத்துக்கொள்வோம். "மருந்து குறைந்தால் விரைவாக மணி ஒலிக்க வேண்டும்" என்கிறது தேவைகளைக் கூறும் பத்திரம். எவ்வளவு குறைந்தால்? எத்தனை வினாடிகளுள்? எழுதியவர் ஒன்றை நினைக்க, நிரல் அமைப்பவர் வேறொன்றைச் செய்வார். கணனி இருவரையும் கேளாது. பழுது நோயாளியின் தலையிலேயே விடியும்.

இவ்வகை ஐயங்களைக் களையக் கணனியையே துணைகொள்ளும் முயற்சி புதியதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொடார்ட் நிலையத்தில் 1990களில் 'ஏ.ஆர்.எம்.' எனும் கருவி உருவாக்கப்பட்டது. அது பத்திரங்களைத் துருவி, "போதியளவு", "உரிய நேரத்தில்" என்ற பொருள்படும் நழுவற் சொற்களையும், பின்னர் தீர்மானிக்கலாம் என விடப்பட்ட இடங்களையும் எண்ணிக் காட்டியது. இன்றைய மொழியாய்வுக் கருவிகள் வாக்கிய அமைப்பையும் பகுத்து, "அது" என்பது எதைச் சுட்டுகின்றது என்ற வினாவையும் எழுப்ப வல்லன.

ஆயினும் கருவி ஐயத்தைச் சுட்டுமேயன்றி விடை கூறாது. "5 வினாடிகளுள்" என்று வரையறுக்க வேண்டியவர் நோயையும் மருந்தையும் அறிந்த மனிதரே.

இத்துறையில் புகும் நம் பிள்ளைகள் இரு மொழிகளுக்கிடையே வளர்பவர்கள். ஒரே சொல் இருவருக்கு இருவேறு பொருள் தருவதை அன்றாடம் காண்பவர்கள். நிரல் எழுதக் கற்பதோடு ஐயமற எழுதவும் அவர்கள் பழக வேண்டும். மொழிப் பாடம் கணனிக் கல்விக்குப் புறம்பானதன்று என்பதைப் பெற்றோராகிய நாம் அவர்களுக்கு எடுத்துரைப்போம்.